பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றுகிறீர்களா? அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்!

புனே விமான் நகர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த பெயர். தலைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம். கீழே, விடிவதற்கு முன்பே, சின்னச் சரக்கு வண்டிகளின் சத்தம்.

காய்கறி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வருகிறது. அதன் பின்னால் தண்ணீர் கேன் ஏற்றியது ஒன்று. இன்னொன்றில் குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் கயிறு கட்டி நிற்கின்றன. யாரோ வீடு மாறுகிறார்கள். நகர் ரோட்டில் ஏறி வாகோலி, சணஸ்வாடி, ராஞ்சண்காவ் தொழிற்பேட்டை என்று கிழக்கே போகும் வண்டிகளும் உண்டு. (அகமத் நகர், அதாவது இப்போதைய அகில்யா நகர், போகிற சாலை என்பதால்தான் அதற்கு நகர் ரோடு என்று பெயர்.)

இவற்றை ஓட்டுகிறவர்களில் கட்கியிலிருந்தும் தேஹு ரோட்டிலிருந்தும் வருகிற தமிழர்களும் இருக்கிறார்கள். வேறு சில தமிழர்கள் ஓட்டுவதில்லை. அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே, மைத்துனனுக்கோ தம்பிக்கோ ஒரு வண்டி எடுத்துக் கொடுத்து, மாதத் தவணையில் பங்கு போட்டு வருகிறவர்கள். வண்டி ஒரு நாள் நின்றால் இரண்டு வீட்டில் கணக்கு உதைக்கும்.

அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு நாள் நான்கு டயரும் தேய்ந்து போகும். புது டயர் வாங்க வேண்டும். "டயர்தான் மாற்றுகிறோமே, கூடவே நல்ல வீலும் போட்டுவிட்டால் என்ன?" என்று ஓர் ஆசையும் எழும். விமான் நகரில் சிக்னலுக்குச் சிக்னல் பளபளக்கும் அலாய் வீல் கார்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

தவறான டயர் பிக்கப் வண்டிக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

"சைஸ் தோ வஹி ஹை!"

வசதியான கார்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? புது ஜீப் வாங்கியவுடன் கம்பெனி போட்டுக் கொடுத்த டயரையும் இரும்பு வீலையும் கழற்றிவிட்டு, அகலமான டயரும் அலாய் வீலும் மாட்டிக் கொள்கிறார்கள். கழற்றிய டயர் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. அது கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

பிக்கப் ஓட்டுநர் போய்க் கேட்கிறார். கடைக்காரர் டயரை உருட்டிக் காட்டி, "சைஸ் தோ வஹி ஹை" என்கிறார். அளவு அதேதானே என்று அர்த்தம். ஓட்டுநரும் குனிந்து பார்க்கிறார். தன் வண்டியில் உள்ள அதே எண். ரிம்மிலும் கச்சிதமாக உட்காருகிறது. பட்டன் புதுசு. விலை குறைவு. பிறகென்ன, பணத்தை எடுக்கிறார்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. அளவு அதேதான். ஆனால் அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வியை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை!

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

ஓர் உதாரணம் பார்க்கலாம். 215/75 ஆர்15 என்று ஒரு டயரில் இருக்கிறது. மகிந்திரா பொலேரோ ஜீப்பில் வருகிற அளவு இது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

நம் ஊரில் "குட்டி யானை" என்கிறார்களே, அந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு 145 ஆர்12 எல்.டி. என்று இருக்கும். 2005-ல் வெளிவந்த அந்த வண்டியை வடிவமைத்தது இதே புனேயில்தான். இங்கே அதற்குப் பெயர் "சோட்டா ஹாத்தி". தமிழனும் மராட்டியனும் கலந்து பேசாமலேயே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்!

எல்.டி. என்ற இரண்டு எழுத்துகள் முக்கியம். "லைட் டிரக்" என்பதன் சுருக்கம் அது. சரக்கு ஏற்றும் சின்ன வண்டிக்காகச் செய்த டயர் என்று பொருள். கார் டயரில் இது இருக்காது.

அடுத்தது 8 பி.ஆர். போன்ற குறி. "பிளை ரேட்டிங்" என்பார்கள். ஒரு காலத்தில் டயருக்குள் பருத்தி நூல் துணியை அடுக்கடுக்காக வைத்துச் செய்தார்கள். எட்டு அடுக்கு என்றால் எட்டு பிளை. இப்போது நைலானும் எஃகுக் கம்பியும் வந்துவிட்டதால் உள்ளே எட்டு அடுக்கு இருப்பதில்லை. எட்டு அடுக்கின் வலு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அந்த எண் மட்டும் நிலைத்துவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசியில் சின்னதாக இருக்கும் எண். 100 எஸ் என்றோ, 106/104 என் என்றோ இருக்கும். இந்த எண்ணைச் சுமைக் குறியீடு எனலாம். எண்ணே கிலோ அல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் உலகம் முழுவதும் ஒரே கணக்கு உண்டு. 86 என்றால் 530 கிலோ. 97 என்றால் 730 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. ஒரு டயர், முழுக் காற்றுடன், அதிகபட்சம் தாங்கக்கூடிய பாரம் இது. 106/104 என்று இரண்டு எண் இருந்தால், ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் போடும்போது முதல் எண். லாரி மாதிரி இரட்டை டயர் போடும்போது இரண்டாவது எண்.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்துக்கு. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், என் என்றால் 140, எஸ் என்றால் 180. சரக்கு வண்டிக்கு எஸ் எதற்கு? வேகத்துக்குரிய எழுத்து பெரிதாக இருப்பதைக் காட்டி "இது உசத்தி டயர்" என்று விற்பவர்களும் உண்டு. பிக்கப்காரர் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, எண்ணைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பிக்கப் வண்டி முழுப் பாரத்துடன் நிற்கும்போது பின் அச்சின் மேல் 1,850 கிலோ இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். பின்னால் இரண்டே டயர். ஒன்றுக்கு 925 கிலோ.

106 என்ற எண்ணுள்ள எல்.டி. டயர் 950 கிலோ தாங்கும். சரி, பிழைத்தோம். அதே அளவில், 100 என்ற எண்ணுள்ள ஜீப் டயரைப் போட்டால்? அது தாங்குவது 800 கிலோ. டயருக்கு 125 கிலோ அதிகம். இரண்டுக்கும் சேர்த்து 250 கிலோ. ஐந்து சிமென்ட் மூட்டை!

இதில் கொடுமை என்னவென்றால், ஓட்டுநர் அனுமதித்த பாரத்துக்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றவில்லை. எடை மேடையில் நிறுத்தினால் வண்டி சரியாக இருக்கும். ஓவர்லோடு ஆகியிருப்பது வண்டி அல்ல, டயர்.

அது அன்றைக்கே வெடிக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பாரம் அதிகமானால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. வளைந்து நிமிரும்போது சூடாகிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிவதுபோலத்தான். சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் ஒட்டு விட ஆரம்பிக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன வீக்கம் தெரியும். பிறகு ஒரு சித்திரை மாத வெயிலில், முழு லோடுடன் எக்ஸ்பிரஸ் சாலையில் போகும்போது, அது தன் வேலையைக் காட்டும்.

காற்றுக் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். சரியான டயரைப் போட்டுவிட்டுக் காற்றுப் பார்க்காமல் ஓட்டுகிறவர், தவறான டயரைப் போட்டவருக்குச் சமம். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ வண்டியின் கையேட்டிலோ எவ்வளவு காற்று என்று இருக்கும். காலிக்கு ஓர் அளவு, லோடுக்கு ஓர் அளவு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நைட்ரஜன் காற்று போடச் சொல்லிப் பணம் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஓசியில் போட்டால் போட்டுக் கொள்ளலாம்.

டயரும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிர அரசே கண்டுகொண்டுவிட்டது. நாகபுரியிலிருந்து மும்பை வரும் 701 கிலோமீட்டர் சம்ருத்தி சாலை 2022 டிசம்பரில் முதலில் திறக்கப்பட்டபோது, நீளமான சிமென்ட் சாலையில் தேய்ந்த டயருடன் ஓடிய வண்டிகள் விபத்துக்குள்ளாயின. 2023-ல் போக்குவரத்து அதிகாரிகள் நுழைவாயிலிலேயே டயரைப் பார்த்து, மொட்டை டயர் வண்டிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பெரிய டயர் போட்டால் கம்பீரம்தான், ஆனால்...

சிலருக்கு வேறு ஆசை. "ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் வண்டி தூக்கலாக இருக்கும். பாரமும் தாங்கும்" என்பார்கள். 215/75 ஆர்15 இருக்கும் இடத்தில் 235/75 ஆர்15 போடுகிறார்கள்.

முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். இரண்டாவது சுமார் 733. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் அதிக தூரம் போகிறது. மீட்டருக்கு இது தெரியாது. அது சக்கரம் சுற்றியதைத்தான் எண்ணும்.

கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஒப்பந்தம் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீட்டர் 1,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் ஓடியிருப்பது சுமார் 1,043. அந்த 43 கிலோமீட்டருக்கு டீசல் செலவு உங்களுடையது. வாடகை கிடையாது! "பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது" என்று மெக்கானிக்கிடம் சண்டை போடுகிறவர்களின் குறையில் ஒரு பகுதி இந்த மீட்டர் கணக்கில் ஒளிந்திருக்கிறது. வேகமும் அப்படியே. முள் 60-ல் நிற்கும்போது வண்டி 62-ஐத் தாண்டிப் போய்க் கொண்டிருக்கும்.

இன்னும் உண்டு. சக்கரம் பெரிதானால் இழுவை குறையும். லோடுடன் திவே காட்டிலோ கட்ரஜ் காட்டிலோ ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும். பிரேக்குக்கும் வேலை அதிகம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். லோடு ஏற்றினால் பின்னாலும் உரசும். காலி வண்டியில் கடைவாசலில் திருப்பிப் பார்த்துவிட்டு "எங்கும் படவில்லை" என்று சொல்வது செல்லாது.

அலாய் வீலா, இரும்பு வீலா?

இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. பாரம் ஏற்றிப் பிழைக்கிற வண்டிக்கு இரும்பு வீல்தான் நல்லது.

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. பார்க்க அழகு. நல்லதாக இருந்தால் எடை குறைவு. சூடும் சீக்கிரம் வெளியேறும். சொந்தக் காரில் போகிறவருக்கு அது போதும். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் இரும்பு வீல் வளையும். வளைந்ததைக் கண்ணால் பார்க்கலாம், வண்டி ஆட்டம் கொடுக்கும், மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. வார்ப்பு அலாய் வீலோ விரிசல் விடும். சின்ன விரிசல் வெளியே தெரியாமல் இருந்து, லோடில் பெரிதாகும். வாகோலிப் பக்கம் கல் குவாரி இருக்கும் சாலைகளில் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் அந்த வீலைக் கடை வாசலில் பலகை தொங்கவிடப் பயன்படுத்தலாம். லோடு வண்டியில் மாட்டக் கூடாது.

அப்படியும் மாற்றத்தான் போகிறேன் என்பவர், வீலின் உட்புறத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் வீல்களில் பெரும்பாலும் பிக்கப்புக்குப் போதாத எண் இருக்கும். எண்ணே இல்லை என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

"ஐந்து ஓட்டைதானே, உட்கார்ந்துவிடும்" என்பதும் தவறு. ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். நடுத்துளை ஹப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்று வீலுக்கு வீல் மாறும். கூம்பு இருக்கும் இடத்தில் உருண்டை போட்டால் முறுக்கியதுபோல இருக்கும், ஓட ஓடத் தளரும்.

வீல் வெளியே தள்ளி நின்றால் வண்டி அகலமாகத் தெரியும் என்பதற்காக, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் வட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரம் பேரிங்கிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளிப் போகிறதோ அவ்வளவு பேரிங் சாப்பிடும். குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

15 அங்குல ரிம்முக்குப் பதில் 16 அங்குல வீல் போட விரும்பினால், டயரின் மொத்த உயரம் மாறாதபடி பார்க்க வேண்டும். 215/75 ஆர்15-க்கு ஏறக்குறைய ஒத்து வருவது 215/70 ஆர்16. விட்டம் சுமார் 707 மில்லிமீட்டர். உயரம் ஒத்துப் போயிற்று. ஆனால் சுமை எண்? மறுபடியும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் ஜீப், கார் வகைக்கே கிடைக்கும்.

ஆர்.சி. புத்தகத்தில் டயரும் இருக்கிறது!

காருக்கும் சரக்கு வண்டிக்கும் சட்டத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பலருக்கு இது தெரியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-வது பிரிவின்படி, சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள டயரின் எண்ணிக்கை, தன்மை, அளவு ஆகியவற்றையும் பதிவுச் சான்றில் குறிக்க வேண்டும். அச்சு தாங்கும் எடையும் அதில் சேரும். ஆகவே பிக்கப்பின் டயர் அளவு என்பது உரிமையாளரின் இஷ்டம் மட்டும் அல்ல. அது பதிவேட்டில் உள்ள சங்கதி.

52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிடிபடுவது பெரும்பாலும் தகுதிச் சான்று வாங்கப் போகும்போதுதான். நம் ஊரில் எஃப்.சி. என்போம். இங்கே "பாஸிங்" என்பார்கள். அன்றைக்கு மட்டும் பக்கத்து வண்டியின் டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிற வழக்கம் பழைய வழக்கம். பாஸிங் ஆகிவிடும். ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் பார்ப்பது, அன்றைக்கு வண்டியில் உண்மையில் இருந்த டயரை. சரக்கு வண்டிப் பாலிசியில் டயருக்கும் டியூபுக்கும் பொதுவாகத் தனிப் பிரீமியம் கட்டினால்தான் பாதுகாப்பு என்பதையும் தவணை கட்டுகிற குமாஸ்தா சார் ஒருமுறை படித்து வைத்துக் கொள்வது நல்லது.

தேய்மானத்துக்கும் எல்லை இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நான்கு சக்கர வண்டியின் டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அளவுகோல் தேடி அலைய வேண்டாம். பட்டன் இடுக்கில் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

எங்கே வாங்குவது? எப்படி வாங்குவது?

விமான் நகரை ஒட்டிய நகர் ரோட்டிலேயே டயர் கடைகள் உண்டு. நாலு கடை விசாரிக்க நினைப்பவர் ஊருக்குள் போனால் நானா பேட் இருக்கிறது. சென்னைக்காரருக்குப் புதுப்பேட்டை எப்படியோ, புனேக்காரருக்கு நானா பேட் அப்படி. தமிழர்களுக்குப் பழக்கமான ராஸ்தா பேட்டுக்குப் பக்கம்தான்.

விலையை மட்டும் கேட்காமல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 6,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 15 பைசா. 4,500 ரூபாய் டயர் 25,000-ல் தேய்ந்துவிட்டால் 18 பைசா. மலிவு எது என்று வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டாம். "பில் வேண்டாம், இன்னும் குறைத்துத் தருகிறேன்" என்றால் அதற்கும் மசிய வேண்டாம். ஆறு மாதத்தில் டயர் வீங்கினால் கம்பெனியிடம் கொண்டுபோய் நீட்ட அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் மூன்று வருஷம் வெயில் காய்ந்த டயர் பட்டன் புதிதாகவே இருக்கும். ரப்பர் மட்டும் கிழடு தட்டியிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டயருக்கு அது கட்டாயம்.

ரேடியலா, நைலானா என்று கேட்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு ரேடியல். சூடு குறைவு, டீசல் மிச்சம், ஆயுள் அதிகம். குவாரியிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கூர்ங்கல்லில் ஏறி இறங்கும் வண்டிக்கு நைலானின் தடித்த பக்கச் சுவர் தாங்கும். எதுவானாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்று போடக் கூடாது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டியூப் டயருக்கான பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரை மாட்டுவதும் வேண்டாம். டயரின் உதட்டைப் பிடித்து நிறுத்தும் சின்ன மேடு பழைய ரிம்மில் இருக்காது.

ரீபட்டன் டயர் கெட்ட பொருள் அல்ல. அதில் தமிழ்நாட்டுக்குப் பழைய சொந்தம் உண்டு. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் அந்தக் கம்பெனி ரீபட்டன் போடும் ரப்பரில் இறங்கியது. 1961-ல்தான் டயரே செய்தது. அதுதான் எம்.ஆர்.எஃப்.! வலுவான உடம்புள்ள லாரி டயரை ரீபட்டன் போட்டு ஓட்டுவது நாமக்கல் லாரிக்காரர்களுக்குக் கைவந்த கலை. சின்ன பிக்கப்பில் பின்னால் போடலாம். முன்னால் வேண்டவே வேண்டாம். முன் டயர் பிய்ந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

இந்தியாவில் வண்டிகளைச் சோதிக்கும் பெரிய நிலையங்களில் இரண்டு இந்த ஊரிலேயே இருக்கின்றன. கோத்ரூட் பக்கம் குன்றின் மேல் 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. ஒன்று. போசரியில் சி.ஐ.ஆர்.டி. மற்றொன்று. கம்பெனி ஒரு வண்டிக்கு இன்ன வீல், இன்ன டயர் என்று எழுதுவதற்கு முன் இப்படிப்பட்ட இடங்களில் அது சோதனை தாண்டி வர வேண்டும். கடை வாசலில் ஐந்து நிமிடத்தில் அதை மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தச் சோதனையின் பேரில் சொல்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மாட்டிய பிறகு

டயர் மாட்டியவுடன் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்யச் சொல்ல வேண்டும். நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், எதிரெதிராக முறுக்க வேண்டும். முதல் 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ராஞ்சண்காவ் போய் வந்தாலே அந்தத் தூரம் ஆகிவிடும். திரும்பி வந்ததும் ஸ்பேனரை எடுத்தால் பத்து நிமிட வேலை.

பழைய நான்கில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னிக்கு வைத்துக் கொள்ளலாம். அதிலும் அளவு, எல்.டி. என்ற எழுத்து, சுமை எண் மூன்றும் ஓடுகிற டயரோடு ஒத்திருக்க வேண்டும். வீல் மாற்றியவர்கள் மறந்துவிடுவது இன்னொன்று. புது வீலுக்கு வந்த நட்டு பழைய இரும்பு வீலுக்குப் பொருந்தாமல் போகலாம். ஸ்டெப்னி பழைய வீலில் இருந்தால், பழைய நட்டுகள் ஐந்தையும் ஒரு துணியில் முடிந்து ஜாக்கியுடன் போட்டு வைக்க வேண்டும். நடு இரவில், ஷிக்ராபூர் தாண்டி, லோடுடன் பஞ்சராகி நிற்கும்போது அந்த ஐந்து நட்டுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.